ஹால் காலி இல்லை: கல்லூரியில் பேச்சுரிமை என்றால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்த அக்கா மகள், தட்டைக் கழுவி வைத்த கையோடு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் போட்டாள். தில்லி பல்கலைக்கழகத்து நார்த் கேம்பஸில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விஜய் நகரில் பி.ஜி. விடுதியில் இருக்கிறாள். நாங்கள் இருப்பது ஆர்.கே. புரத்தில், மலை மந்திருக்கு நடந்து போகிற தூரம். மாதம் ஒரு ஞாயிறு, சாம்பாருக்காகவாவது வந்துவிடுவாள்.

தாள் என்னவென்றால், செமினார் ஹால் கேட்டு எழுதிய விண்ணப்பப் படிவம். நிகழ்ச்சியின் நோக்கம், பேச்சாளர் விவரம், பொறுப்பாசிரியர் கையெழுத்து இரண்டு இடத்தில், ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். எல்லாம் சரியாக இருந்தது. மூலையில் பச்சை மையில் ஒரே ஒரு வரி: ஹால் காலி இல்லை. அடியில் ஏற்கெனவே அச்சிட்ட ஓர் உறுதிமொழி வேறு: 'நிகழ்ச்சியில் சர்ச்சைக்குரிய எதுவும் பேசப்பட மாட்டாது.' அதன் கீழே இவள் கையெழுத்து.

அவர்கள் கேட்டது ஒரு மணி நேரம். பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து, தலித் எழுத்தாளர்களான சுகிர்தராணியின் கவிதைகளையும் பாமாவின் எழுத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்க நினைத்திருக்கிறார்கள். கேட்ட தேதியில் போய்ப் பார்த்தால் ஹாலில் பூட்டுத் தொங்கியதாம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்களாம்.

"உள்ளே ஒரு ஈ காக்கா இல்லை மாமா. எங்களுக்குப் பேச்சுரிமையே கிடையாதா?"

நான் வக்கீல் இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டில் வரும் தமிழ் ஆவணங்களை, அதாவது கிரயப் பத்திரம், எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலம் இப்படி எதையாவது, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது கொஞ்சம் இருக்கிறது. அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு மிகச் சின்னது. குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் 'கருத்து வெளிப்பாடு' என்ற சொல்லுக்குள் நிறைய அடங்கும். நாடகம், போஸ்டர், கார்ட்டூன், ஏன், வாயை மூடிக்கொண்டு நிற்பதும்கூட. கேரளத்தில் யெகோவா சாட்சிகளைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது தவறு என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

அடுத்து வருவது 19(2). இந்தச் சுதந்திரத்துக்கு அரசு 'நியாயமான கட்டுப்பாடுகள்' போடலாம், ஆனால் எட்டுக் காரணங்களுக்காக மட்டும்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது. கட்டுப்பாடு சட்டத்தின் வழியாக வர வேண்டும், ஒருவருடைய மனநிலையின் வழியாக அல்ல. படிவத்தில் அச்சிட்டிருந்தார்களே 'சர்ச்சைக்குரிய' என்று, அந்தச் சொல்லை இந்தப் பட்டியலில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

இந்தப் பட்டியல் பிறந்த கதையில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1950-ல் 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையை மதராஸ் மாகாணத்துக்குள் வரவிடாமல் மதராஸ் அரசு தடை செய்தது. அதே சமயம் தில்லியில் 'ஆர்கனைசர்' என்ற வலதுசாரிப் பத்திரிகை, சில விஷயங்களை அச்சிடும் முன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1950 மே 26, ஒரே நாளில் இரண்டு தீர்ப்பும் வந்தது, இரண்டிலும் அரசு தோற்றது. இடதுக்கு ஒரு நீதி, வலதுக்கு ஒரு நீதி என்று அன்று யாரும் சொல்லவில்லை. அரசு சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' உட்பட மூன்று காரணங்களைப் பட்டியலில் சேர்த்தது. 'நியாயமான' என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது, அது ஒன்றுதான் நமக்கு லாபம். அமெரிக்காவில் 'முதல் திருத்தம்' என்றால் பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கிற திருத்தம். நம்முடைய முதல் திருத்தம் அதைக் குறுக்கியது. கல்லூரி விவாத மேடைகளில் அமெரிக்க உதாரணங்களை அள்ளி வீசுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

'இறையாண்மையும் ஒருமைப்பாடும்' சேர்ந்த கதை இன்னும் நெருக்கம். 1962-ல் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு 16-ஆவது திருத்தம் வந்தது, பிரிவினை கேட்கும் பேச்சுக்குக் கடிவாளம் போட இந்தச் சொற்கள் பட்டியலில் ஏறின. அதையொட்டி தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டது, சொற்கள் மட்டும் நின்றுவிட்டன. இன்றைக்கும் ஒரு வளாகத்தில் கோஷம் போட்ட மாணவர்மேல் இந்தச் சொற்களைத்தான் முதலில் எடுத்து வீசுகிறார்கள்.

யார் தடுக்கிறார்?

"சரி மாமா, அப்போ காலேஜ்மேல கேஸ் போடலாமா?" என்றாள். அவசரம்.

முதலில் கேட்க வேண்டியது, தடுத்தது யார் என்று. அடிப்படை உரிமை என்பது பெரும்பாலும் அரசுக்கு எதிராகக் கிடைக்கும் கேடயம். தில்லிப் பல்கலைக்கழகம், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), ஜாமியா எல்லாம் மத்தியச் சட்டங்களின் கீழ் இயங்கி மத்திய அரசின் பணத்தில் ஓடுபவை, ஆகவே சட்டத்தின் கண்ணில் 'அரசு'. அங்கே போடும் உத்தரவு 19-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. தனியார் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு. அங்கே உனக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் இருப்பது முதன்மையாகச் சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட விதிப் புத்தகம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், 19-ஆம் பிரிவை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்று சொல்லியிருக்கிறது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி யாரும் வாசலில் மெத்தை போட வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 19-ஆம் பிரிவு 'குடிமக்களுக்கு' மட்டும். இவள் வகுப்பில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள், வாசிப்பு நிகழ்ச்சிக்கு அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். சட்டத்தின் முன் சமத்துவம், உயிர், தனிமனிதச் சுதந்திரம் எல்லாம் அந்தப் பெண்ணுக்கும் உண்டு. பேச்சுரிமை என்று 19-ஐக் காட்ட முடியாது. கூடவே விசா கவலை வேறு. அடுத்த முறை விண்ணப்பத்தில் அவள் பெயரை முதலில் போடாதே என்று சொன்னேன். கோழைத்தனமான யோசனைதான், ஆனாலும் சொன்னேன்.

எங்கே, எப்போது, என்ன

கல்லூரிக்கு விதிகள் போட உரிமை உண்டு. பரீட்சை நடக்கும்போது ஹாலுக்கு வெளியே மேளம் அடிக்கக் கூடாது, நூலகத்தில் மைக் வைக்கக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது. இவை 'எங்கே', 'எப்போது', 'எப்படி' பற்றிய விதிகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டால் நியாயம்தான். சிக்கல் 'என்ன' என்று கேட்கும்போது வருகிறது. என்ன பேசப் போகிறாய், யாரைக் கூப்பிடுகிறாய் என்று பார்த்து ஒருவருக்குத் திறப்பதும் ஒருவருக்குப் பூட்டுவதும்.

வளாகத்தில் நடக்கும் பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. யாரும் 'உன் கருத்து பிடிக்கவில்லை' என்று எழுதித் தர மாட்டார்கள். 'என்ன' என்பது 'எங்கே' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். ஹால் காலி இல்லை. மைக் ரிப்பேர். செக்யூரிட்டி கிளியரன்ஸ் வரவில்லை. 2023 ஜனவரியில் பிரதமரைப் பற்றிய பி.பி.சி. ஆவணப்படத்தை ஜே.என்.யூ.வில் திரையிடப் போவதாக மாணவர் சங்கம் அறிவித்த இரவு, அங்கே மின்சாரமே போனது. மாணவர்கள் மொபைலிலும் லேப்டாப்பிலும் பார்த்தார்கள்.

அதே படத்தைத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் திரையிட்டதில் பங்கு உண்டு என்று சொல்லி ஒரு முனைவர் பட்ட மாணவரை நிர்வாகம் ஓராண்டுக்குத் தேர்வெழுதத் தடை செய்தது. அவர் உயர் நீதிமன்றம் போனார். ஏப்ரலில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. காரணத்தைக் கவனிக்க வேண்டும். படம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நீதிபதி போகவில்லை. மாணவர் தரப்பை ஒழுங்காகக் கேட்காமல், காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் சொம்பைக் கீழே வைப்பார்கள். மாணவர் வழக்குகளில் பேச்சுரிமை என்ற பெரிய வாதத்தைவிட இந்தச் சின்ன வாதம் பல முறை கை கொடுத்திருக்கிறது.

ஜே.என்.யூ.வின் நிர்வாகக் கட்டடத்துப் படிக்கட்டு இதற்கு இன்னொரு உதாரணம். 2016 பிப்ரவரியில், நாட்டுக்கு எதிராகக் கோஷம் போட்டதாகச் சொல்லி மாணவர் சங்கத் தலைவரைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தபோது, ஆசிரியர்கள் அந்தப் படிக்கட்டருகே திறந்தவெளியில் தேசியம் பற்றித் தொடர் வகுப்பே எடுத்தார்கள். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் நிர்வாகக் கட்டடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் போராடக் கூடாது என்றது. 2023 கடைசியில் வந்த பல்கலைக்கழக விதிப் புத்தகம், வகுப்பறைக் கட்டடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. எந்த விதியும் 'பேசாதே' என்று சொல்லவில்லை. தள்ளிப் போய்ப் பேசு என்கிறது. எவ்வளவு தள்ளி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத மைதானத்தில் நின்று கத்துகிற உரிமையால் யாருக்கு என்ன பயன்?

நிர்வாகம் எப்போதும் வில்லன் என்று நினைத்துவிடவும் வேண்டாம். தேர்தல் சமயத்தில் நார்த் கேம்பஸ் பக்கம் போயிருந்தால் தெரியும், சாலையே தெரியாத அளவுக்குத் துண்டுச் சீட்டு கொட்டிக் கிடக்கும், மெட்ரோ தூணிலிருந்து கல்லூரிச் சுவர் வரை வேட்பாளர் பெயர்தான். மாணவர் தேர்தலுக்கான லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு வேட்பாளர் செலவு செய்யலாம் என்பது 5,000 ரூபாய், போஸ்டரும் கையால் எழுதியதாக, ஒதுக்கிய இடத்தில் மட்டும். அதற்கென்றே 'ஜனநாயகச் சுவர்' என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு முறை நின்று பார்த்தேன். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஒரு போஸ்டர், மழையில் நீல எழுத்து கரைந்து வழிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, விதிக்கு மாறாக, பளபளவென்று அச்சடித்த முகம். 2024-ல் இந்தச் சுவர்ச் சேதத்துக்காகவே உயர் நீதிமன்றம் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 27-ல் போட்ட ஓட்டு, சுத்தம் செய்த பிறகு நவம்பர் 25-ல் எண்ணப்பட்டது. இங்கே கட்டுப்பாடு கருத்தின்மேல் விழவில்லை, பணத்தின்மேலும் பசையின்மேலும் விழுந்தது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை.

கலாட்டா செய்பவருக்கு வீட்டோ

நிர்வாகம் சொல்லும் இன்னொரு காரணம்: 'நீங்கள் நடத்தினால் வெளியே கலாட்டா ஆகும்.' இதற்கு உச்ச நீதிமன்றத்தில் பதில் வாங்கித் தந்தது ஒரு தமிழ்ப் படம். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இடஒதுக்கீட்டை விமர்சிக்கிறது என்று எதிர்ப்பு, அதன் தணிக்கைச் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் சான்றைத் திருப்பிக் கொடுத்தது. ஊர்வலம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி மாதிரி நேரடியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. தீர்ப்பில் உண்டு.

தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது, களம் வேறு மாதிரி. 2017 பிப்ரவரியில் ராம்ஜஸ் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. அழைக்கப்பட்ட ஒரு ஜே.என்.யூ. மாணவருக்கு எதிராக ஏ.பி.வி.பி. என்ற மாணவர் அமைப்பு போராடியது, அழைப்பு ரத்தானது, மறுநாள் கைகலப்பு. ஒருவரைப் பேச அழைப்பது பேச்சுரிமை என்றால், வாசலில் பதாகை பிடித்து 'வராதே' என்பதும் பேச்சுரிமைதான். கல் கையில் ஏறியதும் அது பேச்சு இல்லை. பேச்சாளரைப் பேசவிடாமல் கத்தித் தீர்ப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாம்பல் நிறம். எந்தக் கட்சிப் பிள்ளைகளும் அதில் சளைத்தவர்கள் இல்லை.

பேச்சு எப்போது குற்றமாகிறது? 2015-ல், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது ஒரு கோடு போட்டது. விவாதிப்பது, ஒரு கருத்துக்கு ஆதரவு திரட்டுவது, தூண்டுவது என மூன்று படி. முதல் இரண்டும், எவ்வளவு கசப்பாக இருந்தாலும், சுதந்திரம். மூன்றாம் படியில்தான் சட்டம் கை வைக்கலாம். வழக்குப் போட்டவர் தில்லியைச் சேர்ந்த ஓர் இளம் மாணவி, ஸ்ரேயா சிங்கால். மும்பை அருகே பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்டதற்காக இன்னொரு பெண்ணையும் கைது செய்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

சாதி சொல்லி ஒருவரைப் பலர் அறிய இழிவுபடுத்துவது, ராகிங் பெயரில் மிரட்டுவது இவற்றுக்கு எந்தப் படியிலும் இடம் கிடையாது. முன்னதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே இருக்கிறது. ஹாஸ்டலில் 'சும்மா ஜோக்குக்குத்தான்' என்று சொல்வது சட்டத்தில் ஒரு பதிலாகாது.

பாடத்திட்டம்

பேச்சுரிமையோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கல்விச் சுதந்திரம். இது எதைக் கற்பிப்பது, எதை ஆராய்வது என்று அந்தத் துறை அறிந்தவர்கள் தீர்மானிக்கும் சுதந்திரம். வகுப்பறை மெரினா கடற்கரை மேடை இல்லை. தேர்வில் தப்பான விடை எழுதிவிட்டுப் பேச்சுரிமை என்று மார்க் கேட்க முடியாது. அதே போல, அறிவு சார்ந்த முடிவை வெளி அழுத்தத்துக்காக மாற்றினால் அடிபடுவது கல்விச் சுதந்திரம்.

இங்கே நம்மவர் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. குறுந்தொகையை ஆங்கில உலகுக்கு அறிமுகப்படுத்திய ஏ.கே. ராமானுஜன், பல ராமாயணங்களைப் பற்றி எழுதிய கட்டுரை தில்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. வால்மீகியும் கம்பரும் அகலிகை கதையை எப்படி வேறு வேறாகச் சொல்கிறார்கள் என்று அதில் ஒரு பகுதி. 2008-ல் எதிர்ப்பாளர்கள் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 2011-ல் கல்விக் குழு கட்டுரையைப் பாடத்திலிருந்து எடுத்தது. அப்புறம் 2021-ல் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து மகாஸ்வேதா தேவியின் சிறுகதையோடு பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். கல்விக் குழு உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள், முடிவு மாறவில்லை.

பாடத்தில் வைத்தே தீர வேண்டும் என்று எந்த எழுத்தாளருக்கும் உரிமை கிடையாது. பாடத்தில் இல்லாத எழுத்தாளரை ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பதை யாரும் தடுக்கவும் முடியாது. முன்னது கல்விக் குழுவின் வேலை, பின்னது 19(1)(அ). இவள் படிவத்தில் கேட்டது பின்னதைத்தான். பச்சை மைக்காரர் அதை முன்னதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

"இப்போ நான் என்னதான் பண்ணணும்?" என்றாள். காபி ஆறியிருந்தது.

வழக்கு வேண்டாம், ஒரு பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கு என்றேன். தகவல் உரிமைச் சட்டம், 2005. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நீண்ட கடிதம் எழுதாதே, உரிமை, ஜனநாயகம் எல்லாம் எழுதாதே என்று சொல்லிவிட்டு, நானே உட்கார்ந்து மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தேதியில் செமினார் ஹால் யாருக்கு ஒதுக்கப்பட்டது? அதற்கான பதிவேட்டின் நகல் கிடைக்குமா? 'சர்ச்சைக்குரிய' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் விதி எது?

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது, வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினாள். முதல் கேள்விக்கு: 'யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.' இரண்டாவதற்கு ஒரு ஜெராக்ஸ், அந்தத் தேதிக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது. மூன்றாவதற்கு: 'இவ்வலுவலகத்தில் அத்தகைய தகவல் இல்லை.'

அந்த மூன்று தாளையும் இணைத்துப் புது விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். உறுதிமொழி வரியை இவள் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாளாம். வாங்கிய கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்டாம்ப் குத்தினாராம்.